வயிற்றுவலிப் பாடம் இன்னும் வரவில்லை

ஔந்த், பூனா
4-2-2004, புதன்கிழமை

அன்பு மகள் ஆனந்தவல்லிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நான், அம்மா, குழந்தை மீனு மூவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஹரிபிரசாத்தும் அந்த மாண்ட்ரியல் பனியில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். இதை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பிரிக்காதே வல்லி, திரும்பி வந்து சாப்பிட்ட பிறகு பிரி, பிரித்தால் கடைசிவரை படி.

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இவர் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் ஹாலில் இருக்கிறது, நீ கூப்பிடும் நேரத்தில் மீனு அதைவிட்டு நகருவதில்லை, அவளை வைத்துக்கொண்டு அவளைப்பற்றிப் பேச முடியாது. கடைக்கு இரண்டு கடை தள்ளி சைபர் கபே வந்திருக்கிறது, ஆனால் நம் வீட்டு விஷயத்தை இன்னொருவன் உட்கார்ந்து அடிப்பதில் எனக்கு இஷ்டமில்லை. அதனால் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக்குள்ளேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றிலிருந்து நாலு வரை இந்த ஊரில் ஒருவரும் குழாய் கேட்டு வர மாட்டார்கள், அது உனக்குத் தெரிந்ததுதான். ஸ்பீட் போஸ்டில் போட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் போய்விடும் என்கிறார்கள். 22ஆம் தேதிக்குள் இது உன் கையில் இருந்தாக வேண்டும், ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் மற்ற சமாசாரம். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை, லிஃப்ட் வாரத்தில் மூன்று நாள் ஓடுவதில்லை, இரண்டு மாடி ஏறியதும் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள், டாக்டரிடம் போகலாம் என்றால் அவர் நடக்கத்தானே சொல்வார், அதை நீங்களே சொல்லுங்கள் என்கிறாள். கட்கி கடையைப் பார்த்துக்கொள்ளும் ஜம்புவுக்குப் போன மாதம் நெஞ்சுவலி வந்து பத்து நாள் படுத்திருந்தான். இருபத்தாறு வருஷமாகப் பார்ட்னர், ஒருநாள் லீவு போடாதவன், இப்போது ஒரு பெட்டி பைப் பெண்டு எல்போவைத் தூக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறான். பானேர் ரோட்டில் எவனோ புதிதாகப் பெரிய ஷோரூம் ஒன்று திறந்திருக்கிறான், ஏசி போட்டு, குழாயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நகை மாதிரி வைத்திருக்கிறான். பிளாட்காரர்கள் எல்லாம் அங்கேதான் போகிறார்கள். ரிப்பேர் வந்தால் மட்டும் வாஷருக்கு நம்மிடம் வருகிறார்கள். வரட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை, ஐம்பத்தாறு வயதில் இனிமேல் என்ன பெரிதாக விரிக்கப் போகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. தப்பு என்னுடையது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மீனுவை எங்களிடம் விட்டுவிட்டு நீங்கள் விமானம் ஏறி இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறோம் என்றீர்கள், அதற்குள் மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை போயிற்று, அது யார் குற்றமும் இல்லை. நீ பேக்கரி கவுண்டரில் நிற்பதையும், பிரெஞ்சு சரியாக வராமல் நீ திணறியபோது ஒரு கிழவி ரொட்டியை வாங்காமலே திரும்பிப் போனதையும் ஒருநாள் சொன்னாய். அங்கே பள்ளிக்கூடம் எல்லாம் பிரெஞ்சில்தான், மொழி தெரியாமல் வருகிற பிள்ளைகளைத் தனி வகுப்பில் உட்கார வைப்பார்கள், என் மகளுக்கு அந்தத் தலைகுனிவு வேண்டாம் அப்பா, வருவதற்குள் பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்றாய். நியாயமான பேச்சு. நானும் மறுநாளே விசாரித்தேன். இந்த ஊரில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில்லை, ஒருத்தி அபாகஸ், ஒருவன் ஜெர்மன், ஒருத்தி ஸ்கேட்டிங் என்று யூனிபார்மோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பரிஹார் சௌக்கிலிருந்து உள்ளே போகிற சந்தில் சியாமளா டீச்சர் வீட்டில் பிரெஞ்சு வகுப்பு நடப்பது அப்படித்தான் தெரிந்தது. அவர் பாண்டிச்சேரிக்காரர், வீட்டுக்காரர் லோஹேகாவில் ஏர் ஃபோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். செவ்வாயும் வெள்ளியும் நாலரை முதல் ஆறு வரை, ஒன்பது பிள்ளைகள். போன ஜூனில் சேர்த்தேன்.

நான் கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்து காத்திருப்பேன். முதல் மாடி ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் சேர்ந்து கத்துவது கேட்கும், நிறம், கிழமை, பழம், இன்று வெயில் நன்றாக இருக்கிறது, இன்று பனி பெய்கிறது. பனியைக் கண்ணால் பார்க்காத ஒன்பது பிள்ளைகள் பனி பெய்கிறது பனி பெய்கிறது என்று கத்துவதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரும், பெருமையாகவும் இருக்கும். நான் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு மராத்தியில் ஒரு வார்த்தை தெரியாது. பித்தளைக் குழாய் சாம்பிளைப் பையில் போட்டுக்கொண்டு கட்கியில் பிளம்பர்களிடம் ஏமாந்து ஏமாந்து மூன்று மாதத்தில் பேசினேன். மொழி என்றால் ஸ்பானர் மாதிரி, சைஸ் சரியாக இருந்தால் நட்டு கழலும், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்பதுதான் என் எண்ணம். எனக்குத் தேவை முதலில் வந்தது, மொழி பின்னால் வந்தது. இந்தக் குழந்தைக்கு மொழியை முதலில் கொடுத்துவிட்டோம், அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை.

தீபாவளிக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் பிரெஞ்சிலும் பேசச் சொல்லுங்கள் அப்பா, பழக்கம் வரும் என்று நீ சொன்னாய். கொஞ்சம் என்றுதான் நீ சொன்னாய். அதைச் சட்டமாக்கியவன் நான். போனில் பிரெஞ்சு மட்டும், தமிழ் ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்தால் நான் எதிரே உட்கார்ந்து விரலைத் தூக்கிக் காட்டுவேன், அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றிச் சொல்வாள். பத்து நிமிடமும் தமிழ் வராமல் பேசிவிட்டால் ஒரு காட்பரி. கடையில் சேல்ஸ்மேனுக்கு இன்சென்டிவ் கொடுப்பேனே, அந்தக் கணக்குத்தான். நீயும் அந்தப் பக்கம் சந்தோஷத்தில் பிரெஞ்சிலேயே கேள்வி கேட்டாய், அவள் டக் டக்கென்று பதில் சொன்னாள். எதிர் பிளாட் ஆப்டே காகூவை வரச்சொல்லிக் கேட்க வைத்தேன். அந்த அம்மாள், அருணாச்சலம் பாவூ, உங்கள் பேத்தி இப்போதே விமானம் ஏறிவிட்டாள் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அம்மாதான் உள்ளேயிருந்து, பெத்தவகிட்ட பிள்ளை பரீட்சை எழுதற மாதிரி இருக்கு, இதுக்கு ஒரு காட்பரி வேறயா என்றாள். உனக்கு வியாபாரமும் தெரியாது மொழியும் தெரியாது என்று அவள் வாயை அடைத்தேன்.

நவம்பரில் ஒருநாள் நீ என்னிடம், அப்பா பூனை வளர்க்கிறீர்களா, மீனு கறுப்புப் பூனை இருக்கிறது, பேர் மினோ என்கிறாளே என்று கேட்டாய். நான் சிரித்துக்கொண்டே ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வல்லி, நம் வீட்டில் பூனை இல்லை. அது நாலாவது பாடத்தில் வரும் பூனை. அவளுக்குச் சொல்லத் தெரிந்தது பாடத்தில் இருப்பது மட்டும்தான், அதனால் பாடத்தில் இருப்பதையெல்லாம் தனக்கு இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டிசம்பரில் நீ யாரோ ஊருக்கு வருகிறவர்களிடம் அந்தப் பூனைக்கு மணி வைத்த சிவப்புக் கழுத்துப்பட்டை கொடுத்தனுப்பினாய். மீனு அதைப் பிரித்துப் பார்த்தாள். காம்பஸ் பாக்ஸில் வைத்துக்கொண்டாள். இப்போதும் பள்ளிக்கூடப் பையைத் தூக்கினால் உள்ளே மணி அடிக்கிறது.

இல்லாததைச் சொன்னாள், அது போகட்டும். இருந்ததைச் சொல்லாமல் விட்டாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நவம்பர் கடைசியில் பள்ளிக்கூடத்தில் விழுந்து மோவாய் கிழிந்து மூன்று தையல் போட்டார்கள். உன்னிடம் சொன்னால் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று நானும் அம்மாவும் மறைத்தோம், அதற்கு மன்னித்துக்கொள். அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். மோவாயில் கட்டோடு, வாயைப் பெரிதாகத் திறக்க முடியாமல், எல்லாம் நன்றாக இருக்கிறது, இன்று வெயில் நன்றாக இருக்கிறது, என் பூனை தூங்குகிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. அன்றைக்கும் நான் காட்பரி கொடுத்தேன். தையல் பிரிக்கிறவரை மெல்ல முடியாது என்று அதை ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள்.

போன வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், மீனுவும் வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். சியாமளா டீச்சர் ஜன்னலிலிருந்து என்னை மட்டும் மேலே வரச் சொன்னார். ஏழு மாதத்தில் அந்த வீட்டுக்குள் நான் போனது அன்றைக்குத்தான். ஐயா, உங்க பேத்தி எங்கிட்ட ஒரு வாக்கியம் கேட்டா, புஸ்தகத்துல இல்லாத வாக்கியம், அதை நான் சொல்லித் தரலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும் என்றார். என்னவென்று கேட்டேன். எல்லாரும் போகிறவரைக்கும் ஷூ லேசைக் கட்டிக்கொண்டே நின்றாளாம், பிறகு பக்கத்தில் வந்து, மிஸ், நான் அங்க வரல, இங்கயே இருந்துக்கறேன்னு பிரெஞ்சுல எப்படிச் சொல்லணும், அம்மா அழாத மாதிரி சொல்லணும் என்றாளாம். டீச்சர், அது பின்னாடி வர்ற பாடம் கண்ணு என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பிள்ளை நம்மை விட்டுப் போக மாட்டேன் என்கிறது என்று ஒரு அற்ப சந்தோஷம். படி இறங்குவதற்குள் அது வெட்கமாக மாறிவிட்டது. டீச்சரிடம், இப்போதைக்குச் சொல்லித் தர வேண்டாம், பின்னாடி பாடம் என்றே சொல்லிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அவள் வெயிலைப் பற்றியும் பூனையைப் பற்றியும் சொன்னாள், நீ கலகலவென்று சிரித்தது எனக்கே கேட்டது, மீனு ஜூனில் இங்கே வரும்போது அந்தப் பூனையை எங்கே விடுவாள் என்று என்னிடம் கேட்டாய். மகர்பட்டாவில் இருக்கும் மாப்பிள்ளையின் சிநேகிதர் குடும்பம் கிளம்பும்போது அவர்களோடு மீனுவை அனுப்பிவிடலாம், டிக்கெட் சொல்லியாயிற்று என்றாய். நான் சரி சரி என்று போனை வைத்தேன். அன்றைக்கு நான் காட்பரி கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்குப் போகாமல் கரும்புச்சாறுக் கடையில் நிறுத்தினேன். சியாமளா மிஸ்ஸிடம் என்ன கேட்டாய் என்று கேட்டேன். கண்ணாடி கிளாஸைப் பார்த்துக்கொண்டே, சொல்லிட்டாங்களா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாங்களே என்றாள். என்னிடம் தமிழிலேயே சொல்லியிருக்கலாமே கண்ணு என்றேன். உங்ககிட்ட சொன்னா டிக்கெட் சொல்லியாச்சும்பீங்க தாத்தா, அம்மாகிட்டத்தானே சொல்லணும், அம்மாகிட்டத் தமிழ்ல சொன்னா நீங்க விரல் காட்டுவீங்களே என்றாள். ஏன் போகப் பிடிக்கவில்லை, அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்களே, உனக்கென்று தனி ரூம் வைத்திருக்கிறார்களே என்றேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன், அங்க எல்லாமே பிரெஞ்சுதானே தாத்தா, எனக்கு வயிறு வலிச்சா எப்படிச் சொல்றது, அந்தப் பாடம் இன்னும் வரல, ஒன்பதாவது பாடத்துலதான் டாக்டர் வர்றார், நாங்க ஆறுலதான் இருக்கோம். அதற்கென்ன, வயிறு வலித்தால் அம்மாவிடம் தமிழில் சொல்லேன் என்றேன். அம்மாவுக்குத்தான் இப்பத் தமிழ் பிடிக்காதே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆப்டே காகூவுக்கு வெங்காயம் ஆகாது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். சாற்றைக் குடித்துவிட்டு கிளாஸைக் கழுவுகிற வாளிப் பக்கம் வைத்துவிட்டு வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

அப்படி இல்லை என்று நான் நூறு தரம் சொல்லலாம், வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொன்னேன், அவள் ம் ம் என்றாள். என் சொல் அதில் செல்லாது. சுவருக்குள் போன பைப் கசிந்தால் மேலே எத்தனை தரம் பெயிண்ட் அடித்தாலும் ஈரம் வந்துகொண்டேதான் இருக்கும், உடைத்துத்தான் பார்க்க வேண்டும், இதை வாடிக்கைக்காரர்களுக்குத் தினம் சொல்கிறவன் நான். அன்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள், அது திட்டுவதைவிட மோசம்.

நேற்று செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனபோது நானாகவே மேலே ஏறிப்போய் டீச்சரிடம், குழந்தை கேட்ட வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். நெஜமாவா ஐயா, உங்க பொண்ணு அங்க தனியா இருந்து இதைக் கேட்டுத் தாங்குமா என்றார். கேட்காமல் இருந்தால் ஜூனில் ஏர்போர்ட்டில் கேட்க வேண்டியிருக்கும், அப்போது குழந்தைக்கு அதைச் சொல்லக்கூடத் தெரிந்திருக்காது என்றேன். இரண்டு வாரம் ஆகும், அவ கேட்ட மாதிரியே மெதுவா, பதமா சொல்லித் தரேன் என்றார். அதனால் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது மீனு உன்னிடம் அதைச் சொல்வாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் இது கிடைத்துவிட்டால், அன்றைக்கு நீ ஒன்றும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, பூனையைப் பற்றிக் கேட்காதே. தமிழில் முன்கூட்டியே கேட்டு அவளைத் தடுத்துவிடாதே, அவளாகவே தேடிப்போய்க் கேட்டு வாங்கிய முதல் வாக்கியம் அது, அதை அவள் சொல்லித் தீர்க்கட்டும்.

ஜூன் டிக்கெட்டைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் எழுதிவிடுகிறேன், கோபம் வந்தாலும் சரி. முகம் தெரியாத குடும்பத்தோடு இந்தக் குழந்தையைப் பார்சல் மாதிரி அனுப்ப என்னால் முடியாது. நீ வா. வேலை போய்விடும் என்றால் போகட்டும், அது கவுண்டர் வேலை, இன்னொன்று கிடைக்கும். வந்து ஒரு மாதம் இரு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கூட நட, படுக்கும்போது பக்கத்தில் படு. அப்போது அவள் வருகிறேன் என்றால் அழைத்துப் போ. அம்மா ஒரு வாரம் சாப்பிட மாட்டாள், நானும் கொஞ்ச நாள் கடைக்குச் சரியாகப் போக மாட்டேன், அது எங்கள் பாடு, அதற்காக நீ யோசிக்கக் கூடாது. வர மாட்டேன் என்றே அவள் நின்றால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத எனக்கு வரவில்லை. வகுப்பை நிறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன், டாக்டர் வருகிற ஒன்பதாவது பாடத்தை மட்டும் முதலில் எடுக்கும்படி டீச்சரிடம் கேட்டிருக்கிறேன், சிரித்துவிட்டுச் சரி என்றார்.

மாப்பிள்ளையிடம் இதைக் காட்டு, ஆனால் 22ஆம் தேதி போனை அவரிடம் கொடுத்துவிட்டு நீ நகர்ந்துவிடாதே. ரோட்டில் பனி வழுக்கும் என்றாயே, பழைய ஷூவோடு நடக்காதே, நல்லதாக வாங்கிக்கொள். அம்மா உனக்குத் தனியாக எழுதவில்லை, எழுதினால் அழுது காகிதத்தை நனைத்துவிடுவாள், அவள் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, பிள்ளையும் நீங்களுமாக ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும், அந்தக் கூரை எந்த ஊரில் இருந்தாலும் சரி.

ஒன்றை மட்டும் மறக்காதே. அன்றைக்கு நான் ஹாலில் உட்கார மாட்டேன், விரல் காட்ட ஆள் இருக்காது. அவள் சொல்லும்போது உச்சரிப்பைத் திருத்தாதே. நீ அழாத மாதிரி சொல்ல வேண்டும் என்று பாடுபட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அதனால் அவள் முடிக்கிறவரையாவது அழாதே. முடித்ததும், மோவாயில் தையல் போட்டபோது ரொம்ப வலித்ததா கண்ணு என்று கேள். தமிழில் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அருணாச்சலம்